முகூர்த்தப் புடவைமேல் வைத்த காது

போன ஆடி மாதத்தில் பாதியை நான் பூஜை அறையில், ஒரு கல்யாணப் புடவையின் மேல் காதை வைத்தபடி கழித்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேள்விப்படுவதைவிட அது மேல். புடவை பேசும் என்று எதிர்பார்க்கவில்லை. உள்ளே ஏதாவது மெல்லும் சத்தம் கேட்கிறதா என்றுதான் பார்த்தேன். துணி தின்னும் புழு மெல்லும் சத்தம் மனிதக் காதுக்குக் கேட்காது என்று எனக்குத் தெரியும், படித்திருக்கிறேன். ஆனால் அதை அந்தப் புழுவும் படித்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லையே.

நான் ஒரு தனியார் கல்லூரியில் வணிகவியல் சொல்லிக்கொடுப்பவன். பூச்சிகளுக்கும் எனக்கும் தொழில்முறையில் ஒரு சம்பந்தமும் இல்லை. செவிலிமேட்டில் பாலாற்றுப் பக்கம் வீடு கட்டிக் குடிவந்த புதிதில், மழைக்காலச் சாயங்காலங்களில் வாசல் விளக்கைப் போட்டதும் சுவரெல்லாம் அந்துப்பூச்சி வந்து ஒட்டிக்கொள்ளும். காய்ந்த இலை போல ஒன்று, காக்கை எச்சம் போல ஒன்று, கசங்கிய பஸ் டிக்கெட் போல ஒன்று. இதெல்லாம் என்னவென்று தெரிந்துகொள்ளலாமே என்று ஒரு புத்தகம் வாங்கினேன். அது குட்டி போட்டு ஓர் அலமாரி ஆயிற்று. பிறகு நீல ஒளி விளக்கு ஒன்று வாங்கினேன். அந்த விளக்குக்கு எதிரே பழைய வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டால் பூச்சிகள் சினிமா பார்க்க வருவதுபோல வரும். கடைசியாக ஓர் இணையக் குழுவில் சேர்ந்தேன். நாம் படம் போட்டால், முகம் தெரியாத பெரியவர்கள் வந்து இது இன்ன குடும்பம், இன்ன பேரினம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சில வேளைகளில் திட்டிவிட்டும்.

வகைப்பாடு என்பது ஏறக்குறையப் போலீஸ் வேலை. இறகில் தூள் தூளாகச் செதில் இருப்பதெல்லாம் ஒரே வரிசை. நாம் பாட்டிலும் வாழ்த்து அட்டையிலும் கொண்டாடுகிற பட்டாம்பூச்சி தனிச் சாதி அல்ல. அந்துப்பூச்சிகளால் நிறைந்த ஒரு பெரிய வம்சத்தில், பகலில் நன்றாக உடுத்திக்கொண்டு வெளியே போகிற ஒரு கிளை, அவ்வளவுதான். அந்த வரிசைக்குக் கீழே குடும்பங்கள். உணர்கொம்பு நூல் மாதிரியா சீப்பு மாதிரியா, உட்காரும்போது இறகைக் கூரைபோல மடிக்கிறதா பாய்போல விரிக்கிறதா, இறகில் நரம்பு எப்படி ஓடுகிறது, முகத்துக்கு முன்னால் ஏதாவது நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வரவேண்டும். குடும்பம் பிடிபட்டுவிட்டால் அது எதைத் தின்னும் என்பதைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். இந்தக் கடைசி வாக்கியத்தை நான் வெகுநாள் ஒரு சுவாரசியமான தகவலாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். எனக்கு அந்துப்பூச்சி என்றால் பயம். சுவரில் உட்கார்ந்திருக்கும்வரை நான் அறிஞன். பறந்து முகத்தருகே வந்தால் கத்திவிடுவேன். என் மனைவி துடைப்பத்தோடு வந்து காப்பாற்றுவாள். "புலி வேட்டைக்குப் போறவரு பூனையைப் பார்த்து ஓடறாரு" என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள். சுவர் மெல்லியது, எனக்கும் கேட்கும்.

நிற்க. என் அக்கா மகளுக்கு ஆவணியில் கல்யாணம். நான் தாய்மாமன். முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுத்துத் தருவது. ஆடி பிறந்துவிட்டால் புதுத் துணி எடுக்கக்கூடாது என்று ஆனி முடிவதற்குள்ளேயே வாங்கிவிட்டார்கள். ஐயம்பேட்டையில் சொல்லிவைத்து நெய்தது. அரக்கு உடல், மயில்கழுத்து நிறத்தில் கரை. சம்பந்தியம்மா அதை மஞ்சள் துணியில் சுற்றி, மஞ்சள் நூலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, முடிச்சுப் போட்டு, அக்கா கையில் கொடுத்தார். அக்கா அதை என் கையில் கொடுத்தாள். எங்கள் வீட்டு வழக்கம் அது. முகூர்த்தப் புடவை குலதெய்வத்தின் காலடிக்குப் போகும்வரை தாய்மாமன் வீட்டுப் பூஜை அறையில் இருக்கவேண்டும். வெறுமனே அல்ல, பித்தளைத் தாம்பாளம் நிறையப் பச்சரிசி கொட்டி, அதன்மேல். அதை வைத்த இடத்திலிருந்து நகர்த்தக்கூடாது. இதையெல்லாம் யார் ஏற்படுத்தினார்கள், எதற்காக என்று கேட்டால் அக்காவிடம் ஒரே பதில்தான் உண்டு: "அப்படித்தான்."

"டேய், முடிச்சை அவுக்கக் கூடாது. சம்பந்தியம்மா கையால போட்டது. கோயில்ல பொண்ணு கையாலதான் அவுக்கணும். புரியுதா?"

"புரியுது."

"பத்திரமா இருக்கட்டும்னு பீரோல வெச்சிப் பூட்டாத. அரிசி மேலயே இருக்கட்டும்."

"சரிக்கா."

"அப்புறம், பூச்சிக்கு லைட்டு போடுவியே, அதை மூட்டை கட்டி பரண்ல போடு."

"அதை வாசல்லதானேக்கா போடறேன்."

"வாசல்ல போட்டா உள்ள வராதாமா? பத்திரிகை வெச்சாதான் வருமா?"

விளக்கை அன்றே பரணில் போட்டேன். ஆனால் ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம், பூச்சிக்கு விளக்குப் போட்டு அழைக்கிற ஆள் நான் என்பது. அந்தப் புடவைக்குப் பூச்சியால் ஒரு கெடுதல் வந்தால் யாரும் பூச்சியைக் கேட்கப் போவதில்லை.

ஆடி நடுவில் ஒரு சாயங்காலம் விளக்கேற்றப் போனேன். மஞ்சள் துணியின் மேல், முடிச்சுக்குப் பக்கத்தில், ஒரு சின்னப் பூச்சி உட்கார்ந்திருந்தது. வைக்கோல் நிறம். இறகைக் கூரைபோல மடித்திருந்தது. தலையில் தூக்கத்திலிருந்து எழுந்தவன் மாதிரி ஒரு குடுமி. நான் குனிந்ததும் விடுவிடென்று நடந்து துணியின் மடிப்புக்குள் புகுந்துவிட்டது. அது புகுந்த இடத்தில், துணி அரிசியைத் தொடும் ஓரத்தில், வெள்ளையாக ஒரு மெல்லிய வலை. எட்டுக்கால் பூச்சியின் வலை இல்லை. அதற்கு ஒரு ஒழுங்கு இருக்கும். இது யாரோ நூலைக் குழைத்து மெழுகியதுபோல இருந்தது.

மனைவியைக் கூப்பிட்டேன். அதற்குள் பூச்சி திரும்ப வெளியே வந்திருந்தது.

"இதைக் கொஞ்சம் பாரேன்."

"இன்னாத்தப் பார்க்கறது? பூச்சி."

"பூச்சிதான். எந்தப் பூச்சின்னு..."

"பூச்சின்னா பூச்சிதாங்க. அடுப்புல பால் இருக்குது. வெளக்கை ஏத்திட்டு வாங்க."

அவள் போய்விட்டாள். நான் அலமாரிக்குப் போனேன். தேட வேண்டியிருக்கவே இல்லை. புத்தகம் தானாகவே அந்தப் பக்கத்தில் திறந்துகொண்டதுபோல இருந்தது. டினெய்டே குடும்பம். துணி அந்து. வைக்கோல் நிறம். தலையில் கலைந்த மயிர்க்குடுமி. வெளிச்சத்தைக் கண்டால் பறக்காமல் ஓடி மடிப்புகளில் ஒளியும். புழு வாயிலிருந்து பட்டு நூலை இழுத்துத் தனக்கொரு கூடாரம் கட்டிக்கொள்ளும், அதற்குள்ளிருந்தபடியே தின்னும். உணவு: கம்பளி, மயிர், இறகு, பட்டு.

'பட்டு' என்ற சொல்லைப் பலமுறை படித்தேன். பட்டை நம்பிச் சோறு தின்னும் ஊரில் உட்கார்ந்துகொண்டு, பட்டையே சோறாகத் தின்னும் ஒன்றுக்கு என் வீட்டுப் பூஜை அறையில் பாய் விரித்திருக்கிறேன். தறியில் பாவு இழை அறுந்தால் பிணைத்துவிடலாம். கட்டி முடித்த புடவையில் ஓட்டை விழுந்தால் அது ஓட்டைதான். அதுவும் முகூர்த்தப் புடவையில். அதுவும் சம்பந்தி வீட்டுப் புடவையில். மணமேடையில் முந்தியை விரித்துப் போடும்போது அந்தப் பக்கத்து வெளிச்சம் இந்தப் பக்கம் தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். பெண் ராசியில்லாதவள் என்பார்கள். கல்யாணம் நின்றுவிடாது, ஆனால் அவள் அந்த வீட்டில் வாழும் காலமெல்லாம் அந்த ஓட்டை வழியாகத்தான் அவளைப் பார்ப்பார்கள். என் அக்கா என்னைப் பார்க்கவே மாட்டாள்.

என்ன செய்யலாம் என்று யோசித்தேன். அந்துருண்டை போடலாம். போட்டால் ஜரிகை கறுத்துவிடும். எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். ஃப்ரீசரில் வைத்தால் புழு சாகும் என்று புத்தகம் சொன்னது. எங்கள் வீட்டு ஃப்ரீசரில் வஞ்சிரம் இருந்தது. சம்பந்தியம்மாவின் மஞ்சள் முடிச்சை அதற்குப் பக்கத்தில் வைக்க எனக்குத் துணிவில்லை. முடிச்சை அவிழ்த்துப் பார்த்துவிட்டு அதேபோலக் கட்டிவிடலாம். எனக்குச் செருப்பு வாரே ஒழுங்காகக் கட்ட வராது. அக்காவிடம் சொல்லலாம். அதைவிட வஞ்சிரமே பரவாயில்லை.

ஆக, முடிச்சை அவிழ்க்காமல் உள்ளே என்ன நடக்கிறது என்று அறிய ஒரே வழி, வெளியே உட்கார்ந்திருப்பது எந்தக் குடும்பம் என்று சந்தேகமறக் கண்டுபிடிப்பது. பட்டைத் தின்னும் குடும்பமா, தின்னாத குடும்பமா. இத்தனை வருடத்தில் முதன்முறையாக வகைப்பாடு எனக்கு ஒரு காரியத்துக்குத் தேவைப்பட்டது. அந்த நேரம் பார்த்துக் கை நடுங்கியது. எடுத்த படங்களெல்லாம் ஆவி போட்டோ மாதிரி வந்தன. அதில் இருப்பதிலேயே குறைந்த ஆவியைத் தேர்ந்தெடுத்துக் குழுவில் போட்டேன். 'அவசரம்' என்றும் எழுதினேன். பூச்சி உலகில் அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை போலும். ஒருவர், டினெய்டேவாக இருக்கலாம் என்றார். இன்னொருவர், அதன் அந்தரங்க உறுப்பை அறுத்து நுண்ணோக்கியில் பார்க்காமல் எதுவும் சொல்வது பாவம் என்றார். குழுவில் எல்லாரும் மதிக்கிற மூத்தவர் ஒருவர் உண்டு. அவர் சொன்னால் தீர்ப்பு. அவர் எதுவும் சொல்லவில்லை. அறுக்கலாம் என்று பூஜை அறைக்குத் திரும்பினால், சாமி படத்துக்குப் பின்னாலிருந்த பல்லி என் கண்ணெதிரேயே சாட்சியை விழுங்கிவிட்டு உதட்டை நக்கியது. எங்கள் ஊரில் பல்லிக்குக் கோயிலிலேயே ஒரு மரியாதை உண்டு. அதனால் அதை விரட்டவில்லை.

அதன் பிறகுதான் காது வைக்கும் படலம். கல்லூரியிலிருந்து வந்ததும் நேராகப் பூஜை அறை. கதவைச் சாத்திக்கொண்டு, லென்ஸும் டார்ச்சுமாகத் தாம்பாளத்தின் முன் மண்டியிடுவேன். வலை கூடிக்கொண்டே போயிற்று. இன்னும் இரண்டு மூன்று பூச்சிகள் தென்பட்டன. கிட்டப் போனால் மடிப்புக்குள் ஓடின. தாம்பாளத்தை நகர்த்தக்கூடாது, நூலைத் தொடக்கூடாது. காதை மட்டும் வைக்கலாம். அதற்கு அக்கா தடை சொல்லவில்லை. மஞ்சள் வாசனையும் புதுப்பட்டின் வாசனையும் வரும். சத்தம் வராது. சத்தம் வராதது சத்தம் வருவதைவிடப் பயமாக இருந்தது. வகுப்பில் தேய்மானக் கணக்கு நடத்தும்போது கரும்பலகையில் ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தது.

"இன்னாங்க, சாமியெல்லாம் கும்புட ஆரம்பிச்சிட்டீங்க?" என்றாள் மனைவி.

"வயசாவுதில்ல."

அவள் அதை அப்படியே அக்காவிடம் போனில் சொல்லிவிட்டாள். மறுநாள் சாயங்காலம் அக்கா டவுன் பஸ் பிடித்து, ஒரு முழம் மல்லிகையோடு வந்து இறங்கிவிட்டாள்.

"உனக்குப் பக்தி வந்துடுச்சாமே?" என்று வாசலிலேயே கேட்டாள். "பொண்ணு கல்யாணத்துக்காகக் கதவை மூடிக்கினு உட்கார்ந்து வேண்டிக்கினு இருக்கறானாமே எந்தம்பின்னு கேட்டதும் எனக்குத் தாங்கலைடா."

அவள் நேரே பூஜை அறைக்குள் போனாள். நான் அவளை முந்திப் போய்த் தாம்பாளத்துக்கும் அவளுக்கும் நடுவில் நின்றுகொண்டேன். வலை இருந்த ஓரத்தை என் வேட்டி மறைத்தது. அவள் மல்லிகையைப் படத்துக்குச் சாத்திக் கற்பூரம் ஏற்றினாள். வெளிச்சத்துக்கு மிரண்டு மடிப்பிலிருந்து ஒரு பூச்சி கிளம்பியதைப் பார்த்தேன். அது ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு என் கழுத்தில் வந்து உட்கார்ந்தது.

நான் கத்தவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த வீரச் செயல் என்று ஏதாவது இருந்தால் அது அதுதான். அது கழுத்திலிருந்து நடக்கத் தொடங்கியது. ஆறு கால், ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. காதின் கீழே வந்து நின்று யோசித்தது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தபோது நான் கைகளைக் கூப்பி, கண்களை இறுக மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தேன். இரண்டு கண்ணிலும் நீர் வழிந்தது.

"போதும்டா," என்றாள் அக்கா. அவளும் அழுதாள். "அவளுக்கு ஒரு குறையும் வராது. நீ இவ்ளோ உருகறே. சாமி பார்த்துக்குனு தான் இருக்கும்."

பூச்சி சட்டைக் காலருக்குள் இறங்கியது. அக்கா காப்பி குடித்து, சீர்வரிசை பற்றிப் பேசி, மனைவியிடம் வெண்டைக்காய் விலை விசாரித்துக் கிளம்பும்வரை அது அங்கேயே இருந்தது. நான் கழுத்தை அசைக்காமல் தலையாட்டினேன். அவள் ஷேர் ஆட்டோவில் ஏறியதும் உள்ளே ஓடி, சட்டையைக் கழற்றி உதறி, தரையில் விழுந்த பூச்சியை எவர்சில்வர் தம்ளரால் மூடினேன். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து நிறைய நேரம் மூச்சு விட்டேன்.

மறுநாள் காலை, ராத்திரி முழுக்கத் தம்ளருக்குள் அடித்துக்கொண்டு சோர்ந்துபோயிருந்த அதைக் கண்ணாடிச் சீசாவுக்கு மாற்றி, பகல் வெளிச்சத்தில், பயமில்லாமல் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அதே வைக்கோல் நிறம். அதே குடுமி. ஆனால் முகத்துக்கு முன்னால் கூராக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. மூக்கு மாதிரி. அது மூக்கல்ல, வாயின் பக்கத்து உறுப்பு, இரண்டு சேர்ந்து நேராக முன்னே நீளும். பல்லி தின்றதற்கு இது இல்லை. டினெய்டே குடும்பத்தில் இப்படி மூக்கு நீட்டிக்கொண்டு எதுவும் திரிவதில்லை. மூக்கு நீண்ட பூச்சிகளுக்கென்றே ஒரு குடும்பம் இருக்கிறது: பைராலிடே.

பக்கங்களைப் புரட்டினேன். அந்தக் குடும்பத்தில் ஒன்று: வெளிறிய பழுப்பு நிறம், தலையில் முன்தள்ளிய செதில் குடுமி. பெண்ணுக்கு நீண்ட மூக்கு. ஆணுக்கு இருப்பது வெளியே தெரியாது. புழு பட்டு நூல் இழுத்து, உணவோடு சேர்த்துப் பின்னி, அதற்குள் வாழும். பெயர், அரிசி அந்து. உணவு: அரிசி.

புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கித் தாம்பாளத்தைப் பார்த்தேன்.

அதில் நிறைய அரிசி இருந்தது.

இந்த இடத்தில் என்னைப் பற்றி நானே என்ன சொல்லிக்கொள்வது என்று தெரியவில்லை. இத்தனை நாளாக அந்த அரிசியின் மேல்தான் குனிந்திருக்கிறேன். லென்ஸின் ஓரத்தில் அது தெரிந்துகொண்டேதான் இருந்தது. ஆனால் பூஜைத் தாம்பாளத்தில் கொட்டியதும் அது எனக்கு அரிசியாக இல்லாமல் போய்விட்டது. அது சடங்கு. மஞ்சள், குங்குமம், தேங்காய் வரிசையில் சேர்ந்துவிட்டது. யாராவது அதைத் தின்பார்கள் என்றே தோன்றவில்லை. பூச்சியை எந்தக் குடும்பத்தில் சேர்ப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டவன், அரிசியைத் தவறான குடும்பத்தில் சேர்த்துவிட்டேன். ஈரமான ஆடிக் காற்றில் பச்சரிசியை அசைக்காமல் வைத்தால் என்ன வரும் என்று எந்தச் சமையலறையிலும் கேட்டிருக்கலாம். ஓரத்திலிருந்து ஒரு சிட்டிகை எடுத்தேன். சிட்டிகை வரவில்லை, மணிகள் கோத்த சரம் போல ஒரு முழு வரிசை வந்தது.

பயம் போய்விட்டது என்று நினைப்பீர்கள். போகவில்லை. அடுத்த பத்தியையும் படித்துத் தொலைத்தேன். வளர்ந்த புழு கூடு கட்டுவதற்கு அரிசியைவிட்டு வெளியேறி, பக்கத்தில் இருக்கும் இடுக்கு எதுவோ அதற்குள் போகும் என்றிருந்தது. தாம்பாளத்தின் பக்கத்தில் இருந்த ஒரே இடுக்கு, எட்டாக மடித்த பட்டுப் புடவை. தின்னாது, சரி. போகிற வழியில் இழை குறுக்கே வந்தால்? சுற்றிப் போகுமா, கடித்துக்கொண்டு போகுமா? தின்பதற்காகக் கடித்த ஓட்டைக்கும் வழிக்காகக் கடித்த ஓட்டைக்கும் என்ன வித்தியாசம் என்று சம்பந்தியம்மாவுக்கு எப்படி விளக்குவேன்? இதற்குப் புத்தகத்தில் பதிலில்லை. ஆகவே ஆடி முடியும்வரை காது வைப்பதும் நிற்கவில்லை.

ஆவணி பிறந்ததும் மாகறல் தாண்டி வயல்களுக்கு நடுவிலிருக்கும் எங்கள் குலதெய்வக் கோயிலுக்கு வேன் பிடித்துப் போனோம். மாப்பிள்ளை வீட்டாரும் வந்திருந்தார்கள். தாம்பாளத்தை நான் மடியில் வைத்துக்கொண்டேன். அரிசியின் மேல் மனைவியின் பூ வேலைத் துண்டு ஒன்றைப் போர்த்தியிருந்தேன். வேன் குழியில் இறங்கும்போதெல்லாம் ஏதாவது பறக்கிறதா என்று பார்த்தேன். சம்பந்தியம்மா வேலூர்ப் பக்கம், கணீரென்ற குரல். "தாய்மாமா புடவையை எப்டி அணைச்சிக்கினு வர்றாரு பாரு," என்று எல்லாருக்கும் காட்டினார்.

பூசாரி படையல் போட்டு, தீபம் காட்டினார். பெண் முன்னால் உட்கார்ந்தாள். நகத்தால் முடிச்சை நெம்பினாள். வரவில்லை.

"பல்லால கடிக்கட்டுமா அத்தை?" என்று சம்பந்தியம்மாவைக் கேட்டாள்.

"கடிக்காதே," என்றேன் நான். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கடித்தால் வாயில் என்ன போகுமோ என்று எனக்குத்தானே தெரியும்.

முடிச்சு வந்தது. மஞ்சள் துணி விரிந்தது. அரக்குச் சிவப்பு வெளியே வந்தது. முதல் மடிப்பு. நான் அம்மன் முகத்தைப் பார்க்கவில்லை, புடவையைப் பார்த்தேன். அதுவரை நம்பாத ஒரு தெய்வத்திடம், நம்பாதவனுக்கே உரிய கூச்சத்தோடு, ஒரு வேண்டுதல் வைத்தேன். இரண்டாவது மடிப்பு. கரை முழுசாக இருந்தது. மூன்றாவது. அக்கா முந்தியைப் பிடித்து வெளிச்சத்துக்கு விரித்தாள். வெளிச்சம் எங்கேயும் ஊடுருவவில்லை.

அப்போது கடைசி மடிப்பிலிருந்து ஏதோ ஒன்று பெண்ணின் மடியில் விழுந்தது. வெள்ளையாக, ஒரு அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக, இரு முனையும் மூடி.

"அய்ய, இன்னாது இது?" என்றாள் பெண்.

அக்கா அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பரணில் கிடந்த நீல விளக்கு எரிந்தது. மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். சொல்லிவிடலாம். இது அரிசி அந்துவின் கூடு, பைராலிடே குடும்பம், பட்டைத் தொடாத இனம், அஞ்சவேண்டாம் என்று விளக்கமாக, ஆதாரத்தோடு. வாயைத் திறந்தேன். அதற்குள் ஒரு கை குறுக்கே வந்தது.

சம்பந்தியம்மா அந்தக் கூட்டை இரண்டு விரலால் எடுத்து வெயிலில் பிடித்தார். நகத்தால் சுரண்டினார். ஓர் இழை பளபளவென்று பிரிந்து வந்தது.

"அடியே!" என்றார். "பட்டுக் கூடுடி இது! பாரு, பட்டு நூலு! புடவைக்குள்ளயே பட்டுப்பூச்சி கூடு கட்டியிருக்குது!"

எங்கள் ஊரில் பட்டு நெய்கிறார்களே தவிரப் பட்டுப்பூச்சி வளர்ப்பதில்லை. நூல் கர்நாடகத்திலிருந்து நூலாகவே வந்துவிடும். தலைமுறை தலைமுறையாகத் தறியில் உட்கார்ந்தவர்களிலும் கூட்டைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. பட்டுக் கூடு பெரிது, புறா முட்டை அளவு இருக்கும் என்று சொல்ல அங்கே ஒரே ஆள்தான் இருந்தான்.

"இல்ல, அது வந்து..." என்று தொடங்கினேன். என் மனைவி என் முழங்கைக்கு மேல் சதையைப் பிடித்துத் திருகினாள். அவளுக்கு எதுவும் தெரியாது. ஆனால் நான் அந்தத் தொனியில் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்று தெரியும்.

"எவ்ளோ நல்ல சகுனம்!" என்றார் சம்பந்தியம்மா. அந்தக் கூட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரு குங்குமப் பொட்டலத்தோடு சேர்த்து முந்தானையில் முடிந்துகொண்டார். "எங்க வீட்டுச் சாமி அலமாரில வைக்கறேன்."

அக்கா பெருமூச்சு விட்டாள். பிறகு முகமெல்லாம் மலர, "எந்தம்பி அப்டி வேண்டிக்கினான்," என்றாள். எல்லாரும் என்னைப் பயபக்தியோடு பார்த்தார்கள். நான் அந்தப் புழு கூட்டுக்குள் எந்த நிலையில் இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. புடவை நன்றாக இருந்தது. ஆனால் மறுவீட்டு விருந்துக்குப் போனபோது என்னால் சாப்பிட முடியவில்லை. சம்பந்தி வீட்டுப் பூஜை அலமாரியை ஓரக்கண்ணால் பார்த்தபடி இருந்தேன். குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் கூடு இருந்தது. ஒரு முனை திறந்திருந்தது. அலமாரிக்கு நேர் கீழே அவர்கள் வீட்டு அரிசி மூட்டை. அந்த வீட்டில் இனிமேல் அரிசியில் எது பறந்தாலும், அதை யார் வீட்டிலிருந்து வந்த சகுனம் என்று சொல்வார்கள்?

விருந்து முடிந்து வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது போன் சிணுங்கியது. குழுவின் மூத்தவர். ஆடியில் 'அவசரம்' என்று நான் போட்ட படத்துக்குத் தீர்ப்பு வந்துவிட்டது. அவசரமாகத் திறந்து உரக்கப் படித்தேன்:

"படம் மங்கல். இது பூச்சி என்பது வரை ஒப்புக்கொள்கிறேன்."

மனைவி தலையிலிருந்த பூவை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இதைத்தான் நான் அன்னிக்கே சொன்னேன்," என்றாள். "பால் பொங்கற நேரத்துல, லென்ஸ் கூட இல்லாம."